செவிக்கருவியைத் தெரிந்து வாங்குதல்

மலைநாட்டுத் தோட்டங்களின் பழைய லயங்களைக் கண்டவர்கள் அவற்றின் நடுச்சுவரையும் கண்டிருப்பார்கள். ஒரே கூரையின் கீழ் வரிசையாய் அமைந்த காம்பராக்களைப் பிரிக்கும் அச்சுவர், பல இடங்களிற் கூரையைத் தொடுவதில்லை. ஒரு வீட்டிற் பாடும் வானொலி நாலு வீட்டுக்கும் பாடும். திருவிழா நாளில் அது இன்பந்தான். ஆனால் விடியுமுன் எழுந்து பெரட்டுக்குப் போகவேண்டியவர் அடுத்த காம்பராவிற் படுத்திருக்க, இரவு பத்து மணிக்குப் பாட்டுக் கேட்க விரும்பும் இளைஞன் என்ன செய்வான்? அவனுக்கு வேண்டியது ஒரு செவிக்கருவி. ஹெட்போன் என்று வழங்கும் இப்பொருளை ஹட்டன் கடைகளில் ‘ஹெட்செட்’ என்று கேட்டால் விரைவில் எடுத்துக் கொடுப்பார்கள். பெயர் எதுவாயினும் ஆகுக. அதனைத் தெரிந்து வாங்குவது எவ்வாறு என்பதே இன்றைய பேச்சு.

இது சிறு பொருளாயிற்றே, இதற்கொரு பேச்சா என்று சிலர் எண்ணக்கூடும். 2024 செப்டெம்பரில் தோட்டத் தொழிலாளரின் குறைந்தபட்ச நாட்கூலி 1,350 ரூபாய் என நிர்ணயிக்கப்பட்டது. அத்தகைய கூலியில் இரண்டொரு நாளுக்குரியதைக் கொடுத்து வாங்கிய பொருள் மூன்று மாதத்திற் பழுதானால் அது நட்டமே. காது பழுதானாலோ அந்த நட்டத்துக்கு ஈடே இல்லை. உட்செவியில் ஒலியை உணரும் நுண்மயிர்க் கலங்கள் ஒருமுறை அழிந்தால் மீண்டும் முளைப்பதில்லை.

செவிக்கருவி வானொலியோடு உடன்பிறந்தது எனலாம். அமெரிக்காவின் யூட்டா மாநிலத்தவரான நத்தானியேல் போல்ட்வின் என்பார் தம் வீட்டுச் சமையலறையில் வைத்துச் செய்த செவிக்கருவியை 1910இல் அந்நாட்டுக் கடற்படை வாங்கியது. கொழும்பு வானொலி 1925 டிசெம்பர் 16இல் முறையாகத் தொடங்கிய காலத்தில், படிகத்தைக் கொண்டு இயங்கும் எளிய பெட்டிகளுக்கு ஒலிபெருக்கியை இயக்கும் ஆற்றல் இல்லை. செவிக்கருவியைத் தலையில் மாட்டிக்கொண்டே அவற்றைக் கேட்கவேண்டும். பின்னர் டிரான்சிஸ்டர் வந்தது. 1979 யூலை முதலாம் நாள் யப்பானில் விற்பனைக்கு வந்த ‘வாக்மேன்’ என்னும் கையடக்கப் பாட்டுப்பெட்டி, 50 கிராமுக்கும் குறைந்த எடையுள்ள செவிக்கருவியோடு வந்து, நடந்துகொண்டே பாட்டுக் கேட்கும் பழக்கத்தை உலகெங்கும் பரப்பியது. இன்று கைத்தொலைபேசியே பாட்டுப்பெட்டியாகிவிட்டது.

இக்கருவியின் உள்ளமைப்பு எளிமையானது. ஒரு காந்தம், அதனருகே மெல்லிய கம்பிச் சுருள், சுருளோடு ஒட்டிய ஒரு சவ்வு. பெரும்பாலானவற்றில் உள்ளவை இவையே. பாட்டின் மின்னோட்டம் சுருளிற் பாயும்போது சவ்வு முன்னும் பின்னும் அதிர்கிறது. ஒலிபெருக்கி ஓர் அறையின் காற்று முழுவதையும் அசைக்க வேண்டும். செவிக்கருவிக்கோ தனக்கும் செவிப்பறைக்கும் இடையிலுள்ள விரற்கடைக் காற்றை அசைத்தாற் போதும். ஆகவேதான் இத்துணைச் சிறிய பொருள் அத்துணைப் பெரிய ஒலியைத் தருகிறது. அந்தச் சிறு காற்று வெளியே கசிந்துவிட்டால் தாழ்ந்த சுரங்களும் அதனோடு போய்விடும் என்பதும் இதிலிருந்தே விளங்கும்.

காதுக்குட் செருகும் வகையை வாங்குவோர் முதலிற் கவனிக்கவேண்டியது பொருத்தமே. கம்பெனிப் பெயர் அதற்குப் பிறகு. பெட்டியில் மூன்று அளவான இறப்பர் முனைகள் இருக்கும். பலர் முதலில் மாட்டியிருப்பதை மாற்றுவதே இல்லை. மிருதங்கம் வாசிக்கும் ஒரு பாட்டை ஓடவிட்டு, கருவியை விரலால் மெல்ல உள்ளே அழுத்திப் பாருங்கள். தொப்பிப் பக்கத்தின் கும்மென்ற நாதம் அழுத்தும்போது மட்டும் பெருகி, விரலை எடுத்ததும் மெலிந்தால், முனை பொருந்தவில்லை என்பது தெளிவு. வேறு அளவை மாட்டிப் பாருங்கள். இடக்காதுக்கு ஓர் அளவும் வலக்காதுக்கு வேறோர் அளவும் அமைவதுண்டு, அதில் வியப்பில்லை.

தலைமேல் மாட்டும் வகையில் இரண்டு உண்டு. முதுகுப்புறம் மூடியது ஒன்று, திறந்தது மற்றொன்று. திறந்ததன் ஒலி விசாலமாயிருக்கும்; சங்கீதத்தை ஊன்றிக் கேட்போர் அதனையே விரும்புவர். ஆயினும் அது பாட்டை வெளியேயும் விடும். லயத்துக் காம்பராவுக்கு மூடியதே ஏற்றது.

பெட்டியின்மேல் அச்சிட்டிருக்கும் எண்களைக் கண்டு மயங்கவேண்டாம். 20 முதல் 20,000 வரை அதிர்வெண் என்று விலை குறைந்ததிலும் எழுதியிருக்கும், விலை உயர்ந்ததிலும் எழுதியிருக்கும். அந்த எல்லைக்குள் எந்தச் சுரம் உரத்தும் எந்தச் சுரம் மெலிந்தும் ஒலிக்கும் என்பதை அவ்வெண் கூறாது. பயனுள்ள எண் ஓம் கணக்கு. கைத்தொலைபேசி தரும் மின்னழுத்தம் சிறிது. அதற்கு 16 அல்லது 32 ஓம் கருவி இசைவானது. ஒலிப்பதிவுக் கூடங்களுக்கென்று செய்த 250, 300 ஓம் கருவிகள் எவ்வளவு உயர்ந்தவையாயினும் தொலைபேசியில் மெலிந்தே பாடும். விலை அதிகம் என்பதற்காக அதனை வாங்கிவந்து வருந்துவதிற் பயனில்லை.

தரத்தை அறியும் வழி காதாற் கேட்பதுதான். தெரியாத பாட்டைக் கேட்டு ஒன்றும் அறிய முடியாது. நூறுமுறை கேட்டுப் பழகிய பாட்டொன்றைத் தொலைபேசியிற் கொண்டு செல்லுங்கள். பாடகர் மூச்சு வாங்குவது கேட்கிறதா? நாதஸ்வரம் மேற்சட்சமத்தில் நிற்கும்போது காதைக் குத்துகிறதா, அல்லது கம்பளியாற் போர்த்தியதுபோல் மங்குகிறதா? காமன்கூத்தில் அடிக்கும் தப்பின் ஓசையை நீங்கள் நேரிற் கேட்டிருப்பீர்கள். மெல்லிய குச்சியின் ‘சடக்’ என்ற ஒலியும் தடித்த குச்சியின் அதிர்வும் தனித்தனியே பிரிந்து கேட்டால் அது நல்ல கருவி. இரண்டும் ஒரே குழம்பாய்க் கேட்டால் விட்டுவிடலாம். ‘பாஸ்’ மிகுந்தது என்று விளம்பரம் செய்யும் கருவிகள் பலவற்றில், அந்த முழக்கத்தின் கீழ்ப் பாட்டின் சொல்லே புதைந்துபோகிறது. என் காதுக்கு அது பாட்டன்று, கூரைத்தகரத்தின்மேல் மழை.

இரண்டு கருவிகளை ஒப்பிடும்போது இரண்டின் ஒலியளவும் சமமாயிருக்க வேண்டும். சற்றே உரத்துப் பாடுவது எப்பொழுதும் சிறந்ததாகத் தோன்றும். இது மனிதச் செவியின் இயல்பு. இவ்வியல்பை அறிந்த வியாபாரிகளும் உண்டு.

இனிக் கம்பியுள்ளதா, இல்லாததா என்ற வினா. கம்பியில்லாக் கருவி வசதியானது, மறுப்பதற்கில்லை. ஆனால் அதற்குள் இருக்கும் சிறிய லித்தியம் மின்கலம், சில ஆண்டுகளிற் களைத்துவிடும். காதுக்குட் செருகும் வகையில் அக்கலத்தை மாற்றுதல் பெரும்பாலும் இயலாது. ஒன்று கொழுந்துக் கூடையிலோ காணிலோ விழுந்தால் மற்றது வீண். 2022 மார்ச் இறுதியில் இந்நாட்டில் நாளொன்றுக்குப் பதின்மூன்று மணிநேரம் மின்வெட்டு நிகழ்ந்ததை எவரும் மறந்திரார். கம்பியுள்ள கருவி மின்னேற்றம் கேளாது. அதன் நோய் வேறு: தொலைபேசியிற் செருகும் முனையருகே கம்பி மடிந்து மடிந்து உள்ளே அறும். ஆகவே அவ்விடத்தில் நெகிழும் இறப்பர் உறை நீளமாக உள்ளதை வாங்குங்கள். புதிய தொலைபேசிகள் பலவற்றில் வட்டத்துளை இல்லை. ‘டைப்-சி’ முனையுள்ள கருவியோ ஓர் இடைச்செருகியோ வேண்டும். வாங்குமுன் உங்கள் தொலைபேசியைத் திருப்பிப் பாருங்கள்.

நுவரெலியா கடல்மட்டத்துக்கு மேல் 1,868 மீற்றர் உயரத்தில் உள்ளது. பனியும் மழையும் ஓயாத இத்தகைய இடத்தில் ஈரமும் ஒரு பகை. செவிமெத்தையின் செயற்கைத்தோல் ஈரத்தாற் சிதைந்து செதில் செதிலாய் உரியும். துணி மெத்தையிற் பூஞ்சணம் பற்றும். கேட்டு முடிந்ததும் உலர்ந்த துணியாற் துடைத்து, மூடியுள்ள பிஸ்கட் தகரத்தில் வையுங்கள். புதுச் சப்பாத்துப் பெட்டியில் வரும் சிறு ஈரமுறிஞ்சிப் பொட்டலத்தை எறியாமல் அத்தகரத்திற் போட்டு வைத்தால் நல்லது.

ஒலியின் அளவைப்பற்றிச் சற்று விரிவாகவே சொல்லவேண்டும். 80 டெசிபெல் அளவில் வாரத்துக்கு 40 மணிநேரம் கேட்கலாம் என்று உலக சுகாதார நிறுவனம் கூறுகிறது. அளவு 90 டெசிபெல் ஆனால் எத்தனை மணிநேரம்? பத்துத்தானே கூடியது, நேரமும் சிறிது குறையும் என்று நினைத்தாற் தவறு. வாரத்துக்கு நாலு மணிநேரமே. மூன்று டெசிபெல் கூடினாலே ஒலியின் ஆற்றல் இரட்டிப்பாகும்; பத்துக் கூடினால் பத்து மடங்கு. தேயிலைத் தொழிற்சாலையில் உருளை இயந்திரங்களுக்கும் வாட்டும் தட்டுகளின் விசிறிகளுக்கும் நடுவே நிற்பவர் பாட்டுக் கேட்க விரும்பினால், அந்த இரைச்சலை வெல்லும்வரை ஒலியைக் கூட்டுவார். அவர் காதின்மேல் இரண்டு சுமைகள் ஏறுகின்றன. பாட்டுக் கருவி செவிக்காப்பு ஆகாது. அங்கே அணியவேண்டியது இரைச்சலைத் தடுக்கும் காப்பு மட்டுமே.

கொழுந்து மலையில் இரண்டு காதையும் அடைத்துக்கொள்வது ஆபத்தானது. குளவிக்கூடு கலைந்தால் முதலில் வருவது பக்கத்து நிரையிலிருந்து எழும் கூச்சல். அதைக் கேட்டவர் ஓடுவார், கேளாதவர் கொட்டுப்படுவார். இரயிற்பாதை இன்னும் கொடியது. ஹட்டனிலிருந்து கொட்டகலை, தலவாக்கலை வழியாக நானுஓயாவுக்கு ஏறும் பாதையைக் குறுக்குவழியாகக் கொண்டு நடப்போர் உண்டு. வளைவுகளும் மூடுபனியும் நிறைந்த அப்பாதையில் வண்டி வருவதைக் கண் அறியுமுன் காது அறியவேண்டும். அங்கே கருவியைக் கழற்றிச் சட்டைப்பையில் வையுங்கள். ஒற்றைக்காதில் மாட்டுவதுகூட வேண்டாம். ஓசை வரும் திசையை அறிய இரண்டு காதும் தேவை.

ஒரு கடைசிச் செய்தி, இருவர் சேர்ந்து கேட்க விரும்புவோர்க்கு. 1979இல் வந்த அந்த முதல் வாக்மேனிலேயே செவிக்கருவி செருக இரண்டு துளைகள் இருந்தன. இன்றைய தொலைபேசிக்கு, ஒரு துளையை இரண்டாக்கும் சிறு கிளைமுனை குறைந்த விலையிற் கிடைக்கிறது. அதை வாங்குவதானால் இரண்டு செவிக்கருவியும் ஒரே வகையாய் இருக்கட்டும். ஓம் கணக்கும் உணர்திறனும் வேறுபட்டால் ஒருவருக்கு உரத்தும் மற்றவருக்கு மெலிந்தும் கேட்கும். மெலிந்து கேட்பவர் ஒலியைக் கூட்டச் சொல்வார், அடுத்தவர் காது நோகும்.