ஆன்ட்டி வைரஸ் அலறினால் அணைத்துவிடலாமா?

பிள்ளையின் பாடத்துக்கோ கடைக் கணக்குக்கோ ஒரு மென்பொருளைத் தரவிறக்கம் செய்கிறோம். உடனே திரையில் எச்சரிக்கை வருகிறது: ஆபத்தான கோப்பு தடுக்கப்பட்டது. நாம் இறக்கியதோ பலரும் பல்லாண்டுகளாகப் பயன்படுத்தி வரும் மென்பொருள். விவரம் தெரிந்தவர் என்று ஒருவரைக் கேட்டால், "அது ஒண்ணும் பண்ணாது, ஆன்ட்டி வைரஸை ஆஃப் பண்ணிட்டுப் போடுங்க" என்கிறார். பல நேரங்களில் அவர் சொன்னபடி எதுவும் ஆவதில்லை. நமக்கும் அதுவே பழக்கமாகிவிடுகிறது. இந்தப் பழக்கம்தான் கவலைக்குரியது.

முதலில் தவறான எச்சரிக்கை ஏன் வருகிறது என்று பார்ப்போம். ஆன்ட்டி வைரஸ் ஒரு கோப்பைப் பெரும்பாலும் மூன்று விதமாக எடை போடுகிறது.

முதலாவது, அடையாளம். ஏற்கெனவே பிடிபட்ட வைரஸ்களின் நிரல் துணுக்குகள் அதனிடம் பட்டியலாக இருக்கும். புதுக் கோப்பில் அவற்றை ஒத்த துணுக்கு இருந்தால் தடுத்துவிடும். நல்ல மென்பொருளிலும் தற்செயலாக அப்படி ஒரு துணுக்கு இருக்கக்கூடும்.

இரண்டாவது, நடத்தை. தமிழ்த் தட்டச்சு மென்பொருளை எடுத்துக்கொள்வோம். நாம் அழுத்தும் ஒவ்வொரு விசையையும் கவனித்து அதைத் தமிழ் எழுத்தாக மாற்றுவது அதன் வேலை. கடவுச்சொல் திருடும் நிரலும் ஒவ்வொரு விசையையும் கவனிக்கிறது. நோக்கம் வேறு, செயல் ஒன்று. எந்திரத்துக்குச் செயல்தான் தெரியும்.

மூன்றாவது, அறிமுகம். கோப்பு புதியது, இதுவரை சிலரே இறக்கியிருக்கிறார்கள், உருவாக்கியவரின் டிஜிட்டல் கையொப்பம் இல்லை என்றால் விண்டோஸின் ஸ்மார்ட்ஸ்கிரீன் தடுத்து நிறுத்தும். அந்தக் கையொப்பச் சான்றிதழுக்குப் பணம் கட்ட வேண்டும். மென்பொருளை இலவசமாக எழுதித் தரும் தனிநபர்கள் பலரால் அது முடிவதில்லை. அதனால் அவர்களின் நல்ல படைப்பும் சந்தேகத்துக்கு உள்ளாகிறது.

பெரிய நிறுவனங்களும் இதில் சறுக்கியிருக்கின்றன. 2010 ஏப்ரல் 21 அன்று மெக்காஃபி வெளியிட்ட ஒரு அப்டேட், விண்டோஸ் எக்ஸ்பியின் இன்றியமையாத கோப்பு ஒன்றையே வைரஸ் என்று பிடித்தது. பல நாடுகளில் கணினிகள் திரும்பத் திரும்ப ரீஸ்டார்ட் ஆகி முடங்கின. 2011 செப்டம்பரில் மைக்ரோசாஃப்டின் ஆன்ட்டி வைரஸ், கூகுள் குரோமை வங்கிக் கடவுச்சொல் திருடும் நிரல் என்று சொல்லிச் சுமார் 3,000 பேரின் கணினிகளில் பாதித்தது. 2012 செப்டம்பரில் சோஃபோஸ் தன்னுடைய சொந்த அப்டேட் நிரலையே வைரஸ் என்று பிடித்தது.

அப்படியானால் ஆன்ட்டி வைரஸே வேண்டாமா? புலி வருது கதை நமக்குத் தெரியும். பொய்யாகக் கூவியதைக் கேட்டுக் கேட்டுச் சலித்தவர்கள், உண்மையில் புலி வந்த அன்று வீட்டைவிட்டு வெளியே வரவில்லை. பொய் எச்சரிக்கையால் வரும் பெரிய நஷ்டம், மெய்யான எச்சரிக்கையை நாம் மதிக்காமல் போவதுதான்.

இது மோசடிக்காரர்களுக்கு நன்றாகத் தெரியும். விலை கொடுத்து வாங்க வேண்டிய மென்பொருளையும் கேமையும் 'கிராக்' செய்து தரும் தளங்களில், 'ஆன்ட்டி வைரஸ் தவறாகக் காட்டும், அணைத்துவிட்டு நிறுவவும்' என்றே எழுதி வைத்திருப்பார்கள். பிறர் உழைப்பைக் காசு கொடுக்காமல் எடுப்பது கூடுமா என்ற கேள்வி ஒருபுறம் இருக்கட்டும். 2018 முதல் பரவிய 'ஸ்டாப்' என்னும் பணயத் தீநிரல் வீட்டுக் கணினிகளுக்குள் முக்கியமாக இந்த கிராக் கோப்புகள் வழியாகத்தான் நுழைந்தது. குடும்பப் படங்கள், கணக்குகள், பிள்ளைகளின் பாடங்கள் என அனைத்தையும் பூட்டிவிட்டு, திறக்க 980 டாலர் கேட்டது. 72 மணி நேரத்துக்குள் தந்தால் பாதி விலை என்று பேரமும் பேசியது. அணைக்கச் சொன்னவர் அந்தப் பணத்தைக் கட்ட வரமாட்டார்.

ஆகவே எச்சரிக்கை என்பது தீர்ப்பு அல்ல, சந்தேகம். சந்தேகம் வந்தால் விசாரிக்க வேண்டும். விசாரிக்கும் முறை கடினமானதல்ல.

1. கோப்பு எங்கிருந்து வந்தது என்று பாருங்கள். உருவாக்கியவரின் சொந்தத் தளத்திலிருந்து வராதது என்றால் அழித்துவிட்டு, அந்தத் தளத்திலிருந்தே மீண்டும் இறக்குங்கள்.

2. வைரஸ்டோட்டல் என்ற இலவசத் தளத்தில் கோப்பைப் பதிவேற்றுங்கள். சுமார் 70 ஆன்ட்டி வைரஸ்கள் அதைச் சோதித்துச் சொல்லும். அதிகம் அறியப்படாத ஒன்றிரண்டு மட்டும் சந்தேகித்தால் தவறான எச்சரிக்கையாக இருக்கவே வாய்ப்பு அதிகம். முன்னணி நிறுவனங்கள் பலவும் ஒரே குரலில் சொன்னால் யோசிக்காமல் அழித்துவிடுங்கள். ஆதார், வங்கி விவரம் போன்ற சொந்த ஆவணங்களை மட்டும் அதில் ஏற்றாதீர்கள். ஏற்றியவை பிறர் பார்வைக்கும் போகும்.

3. அவசரமில்லை என்றால் ஓரிரு நாள் கழித்து மீண்டும் சோதியுங்கள். தவறான எச்சரிக்கைகளை நிறுவனங்கள் அப்டேட்டில் திருத்திவிடுவது வழக்கம். புதிய வைரஸாக இருந்தாலும் அதற்குள் வெளிப்பட்டிருக்கலாம்.

4. எல்லாம் சரியென்று உறுதியானால், அந்த ஒரு கோப்புக்கு மட்டும் விலக்கு அளியுங்கள். ஆன்ட்டி வைரஸ் முழுவதையும் அணைக்காதீர்கள்.

தெரிந்த தளம் என்பதற்காகச் சோதனையை விட்டுவிடவும் முடியாது. 2017இல் சிசிகிளீனர் என்ற புகழ்பெற்ற மென்பொருளின் ஒரு பதிப்பு, அதன் அதிகாரப்பூர்வ வழியிலேயே தீநிரலுடன் ஏறத்தாழ ஒரு மாதம் வெளியானது. 20 லட்சத்துக்கும் அதிகமானோரிடம் அது போய்ச் சேர்ந்திருந்தது.

கைபேசிக்கும் இதுவே பொருந்தும். வாட்ஸ்அப்பில் திருமண அழைப்பிதழ் என்ற பெயரில் 'ஏபிகே' கோப்பு வந்து, பிளே புரொடெக்ட் எச்சரித்தால் நம்புங்கள். அழைப்பிதழ் படமாகவோ பிடிஎஃப் கோப்பாகவோ வரும். அதைப் பார்க்க ஆப் நிறுவத் தேவையில்லை.

காசு கொடுத்துத்தான் வாங்க வேண்டுமா என்று பலர் கேட்கிறார்கள். விண்டோஸ் 8 முதல் டிஃபெண்டர் கணினியுடனேயே வருகிறது. ஜெர்மனியின் ஏவி-டெஸ்ட் போன்ற சுயேச்சையான ஆய்வுக்கூடங்கள், வைரஸைப் பிடிக்கும் திறனுடன் தவறாகப் பிடிக்கும் எண்ணிக்கையையும் சேர்த்தே மதிப்பெண் தருகின்றன. அவற்றில் டிஃபெண்டர் அண்மை ஆண்டுகளில் நல்ல மதிப்பெண்ணே பெற்றுவருகிறது. அப்டேட் பெற்றுவரும் விண்டோஸ் இருந்தால் சாதாரணக் குடும்பத்துக்கு அது போதும். இரண்டு ஆன்ட்டி வைரஸ்களை ஒன்றாகப் போடாதீர்கள். ஒன்றையொன்று சந்தேகித்துக் கணினியை மந்தமாக்கிவிடும்.

மிச்சப்படும் பணத்தில் ஒரு வெளி ஹார்டு டிஸ்க் வாங்குங்கள். முக்கியமானவற்றை வாரம் ஒருமுறை அதில் நகலெடுத்து, கழற்றி எடுத்து வையுங்கள். காவலாளி சில நேரம் நல்லவரையும் நிறுத்திக் கேட்பார், திருடனைத் தவறவிடவும் செய்வார். அதற்காக அவரை வீட்டுக்கு அனுப்பிவிட்டுக் கதவைத் திறந்து வைப்பவர் யாரும் இல்லை.