அளவு உங்கள் விரலில் இருக்கிறது!

“கல்யாணமாகி நாலு வருஷமாச்சு டாக்டர். இன்னும் குழந்தை இல்லை. நல்லதா ஒரு லேகியம் கொடுங்க” என்றுதான் அந்த மாமியார் பேச்சை ஆரம்பித்தார். மருமகள் தலையைக் குனிந்தபடி இருந்தாள். மகனோ சுவரில் மாட்டியிருந்த அகத்தியர் படத்தையே பார்த்துக் கொண்டிருந்தான்.

மாமியாரை வெளியே உட்காரச் சொல்லிவிட்டு, “உங்களுக்குள்ளே உறவு நடக்குதா?” என்று கேட்டேன். கொஞ்ச நேரம் பதிலே இல்லை. அப்புறம் அந்தப் பெண் அழ ஆரம்பித்துவிட்டாள்.

நாலு வருஷத்தில் ஒரு தடவைகூட முழுதாக நடக்கவில்லை. கணவர் நெருங்கினாலே இடுப்புக்குக் கீழே தசை இறுகி அடைத்துக் கொள்கிறது, உயிர் போகிற வலி. வெளியே சொல்ல வெட்கப்பட்டு, கணவர் இன்டர்நெட்டில் தேடி ஆணுறுப்பு வடிவத்தில் ஒரு சாதனத்தைக் கொரியரில் வரவழைத்திருக்கிறார். “பெரிசா வாங்கிப் பழகிட்டா அப்புறம் ஈஸியா இருக்கும்னு நெனச்சேன் சார்” என்றார். எட்டு அங்குல நீளம்! முதல் முயற்சியிலேயே ரத்தம் வந்துவிட்டது. அதற்குப் பிறகு அவர் கை மேலே பட்டாலே அந்தப் பெண்ணுக்கு நடுக்கம்.

கணவர் கெட்டவரில்லை. மனைவி கஷ்டப்படக் கூடாது என்று நினைத்துத்தான் வாங்கினார். தப்பு நடந்தது அளவில்.

இதில் நான் உத்தமன் என்று சொல்லிக்கொள்ள முடியாது. பல வருஷங்களுக்கு முன்பு இதே மாதிரி வந்த ஒரு தம்பதிக்கு, இந்தக் கேள்வியைக் கேட்காமலேயே ஆறு மாதம் மருந்து கொடுத்தவன் நான். அவர்களும் சொல்லவில்லை, நானும் கேட்கவில்லை. கடைசியில் வேறு ஒரு டாக்டர் கேட்டுத்தான் உண்மை வெளியே வந்தது. அன்றிலிருந்து என் முதல் கேள்வியே இதுதான்.

‘குடும்பப் பத்திரிகையில் இதையெல்லாமா எழுதுவது?’ என்று முகம் சுளிக்கும் பெரியவர்களுக்கு ஒரு வார்த்தை. காமசூத்திரத்தின் ஏழாவது பகுதியில் வாத்ஸ்யாயனர் இப்படிப்பட்ட துணைச் சாதனங்களைப் பற்றி விரிவாகவே சொல்லியிருக்கிறார். பொன், வெள்ளி, தந்தம், மரம் என்று எதிலெதில் செய்யலாம் என்ற பட்டியல்கூட உண்டு. புதுசாக முளைத்த சமாச்சாரம் இல்லை. ஆசையால் வாங்குகிறவர்கள் உண்டு, துணை இல்லாததால் வாங்குகிறவர்கள் உண்டு, மருத்துவ காரணத்துக்காக வாங்குகிறவர்களும் உண்டு. யார் வாங்கினாலும் உடம்பு ஒன்றுதானே!

சரி, அளவுக்கு வருவோம்.

பாளையங்கோட்டையில் சித்த மருத்துவம் படித்த காலத்தில் ‘மணிக்கடை நூல்’ என்றொரு பரிசோதனை சொல்லிக் கொடுத்தார்கள். நோயாளியின் மணிக்கட்டுக்கு மேலே நாலு விரற்கடை தள்ளி, கையைச் சுற்றி நூல் வைத்து அளக்க வேண்டும். அந்த நூலை எதை வைத்துக் கணக்கிடுவோம் தெரியுமா? ஸ்கேலை வைத்து அல்ல. அதே நோயாளியின் விரல்களை வைத்து! ஆளுக்கு ஆள் உடம்பு வேறு, அளவுகோலும் வேறு.

உள்ளே செலுத்தும் சாதனத்துக்கும் இதே வழிதான். பெட்டி மேல் போட்டிருக்கும் படத்தைப் பார்த்து வாங்காதீர்கள். கையைச் சுத்தமாகக் கழுவி, நகத்தை ஒட்ட வெட்டி, சொந்த விரலை மெதுவாக வைத்துப் பாருங்கள். சுண்டு விரல் வலியில்லாமல் போகிறதா? ஆள்காட்டி விரல்? இரண்டு விரல்? எது சிரமமே இல்லாமல் போகிறதோ, அந்தப் பருமன்தான் உங்கள் முதல் அளவு. சுண்டு விரலுக்கே உடம்பு இறுகினால் சாதனம் வாங்கும் நேரம் அது இல்லை. பெண் டாக்டரைப் பாருங்கள்.

பருமனில்தான் பலரும் ஏமாறுகிறார்கள். சில கம்பெனிகள் சுற்றளவைப் போடுகின்றன, சில குறுக்களவைப் போடுகின்றன. ‘4½’ என்று பார்த்துவிட்டு அது என்ன அளவு என்று யோசிக்காமல் வாங்கிவிடுவோம். சுற்றளவை 3.14-ஆல் வகுத்தால் குறுக்களவு. தையல் டேப்பை விரலில் சுற்றி அளந்து ஒப்பிட்டுப் பார்த்தால் கணக்கு சுலபம்.

2015-ல் லண்டன் ஆராய்ச்சியாளர்கள், 15,000-க்கும் அதிகமான ஆண்களை மருத்துவர்கள் அளந்த விவரங்களைத் தொகுத்து வெளியிட்டார்கள். விறைத்த நிலையில் சராசரி நீளம் 13 சென்டிமீட்டர், சுற்றளவு 11.7. அதாவது குறுக்களவு நாலு சென்டிமீட்டருக்கும் குறைவு! சாதனங்களைச் செய்கிறவர்கள் எந்த ஊர் ஆம்பளையை அளந்து செய்கிறார்களோ, எனக்குத் தெரியாது.

நீளம் இன்னும் வேடிக்கை. சாதாரண நிலையில் பெண்ணின் பாதை, கருப்பை வாய் வரைக்கும் சராசரியாக ஆறு, ஆறரை சென்டிமீட்டர்தான். மனசும் உடம்பும் தயாரானபோது அது நீண்டு விரியும். தயாராகாத உடம்பில் நீளமான பொருள் போனால் கருப்பை வாயில் இடித்து, அடிவயிற்றில் குத்துவலி வரும். உணர்ச்சி மிகுந்த இடமோ வாசல் பக்கத்து மூன்றில் ஒரு பங்கு. ஆழத்தில் ஒன்றும் பரிசு வைத்திருக்கவில்லை. விளம்பரத்தில் மொத்த நீளம் ஒன்றாகவும், உள்ளே போகும் நீளம் வேறாகவும் இருக்கும். இரண்டாவதைப் பாருங்கள்.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். நிறையப் பெண்களுக்கு இன்பம் தருவது வெளியே இருக்கும் சிறு மொட்டுதான். அதற்கான சின்ன அதிர்வுக் கருவிகள் உள்ளே போகவே தேவையில்லை. அவர்களுக்கு இந்த ‘சைஸ்’ கவலையே வேண்டாம். கணவன்மார்கள் இந்தப் பாராவை இரண்டு தடவை படிக்கலாம்.

எந்த அளவானாலும் வழவழப்பு வேண்டும். மெடிக்கல் ஷாப்பில் தண்ணீர் சார்ந்த ஜெல்லி என்று கேளுங்கள். ‘சித்த வைத்தியர்தானே, எண்ணெய் சொல்வார்’ என்று எதிர்பார்த்திருப்பீர்கள். வேண்டாம். தேங்காய் எண்ணெயோ விளக்கெண்ணெயோ பட்டால் ஆணுறையின் ரப்பர் பலமிழந்து கிழியும். சிலிக்கான் ஜெல்லை சிலிக்கான் சாதனத்தில் போட்டால் அதன் மேல்பரப்பே கெட்டுப் போகலாம். சாதனம் மருத்துவத் தரச் சிலிக்கானாகவோ, ஸ்டீலாகவோ, வழவழப்பான கெட்டிப் பிளாஸ்டிக்காகவோ இருக்கட்டும். நாற்றமடிக்கும், பிசுபிசுக்கும் மலிவு ரப்பரில் நுண்துளைகள் இருக்கும். எவ்வளவு கழுவினாலும் அழுக்கு போகாது. இந்தப் பொருள்களுக்கென்றே 2021-ல் ஐ.எஸ்.ஓ. 3533 என்ற சர்வதேசப் பாதுகாப்புத் தரம் வந்துவிட்டது. பெட்டியில் அந்த எண் இருந்தால் நல்லது.

கடையில் வாங்கக் கூச்சப்பட்டு வீட்டில் கிடைத்ததை எடுத்துக்கொள்வதுதான் எல்லாவற்றையும் விட ஆபத்து. மெழுகுவர்த்தி உள்ளே முறியும். பாட்டில் உறிஞ்சிப் பிடித்துக்கொள்ளும், உடையவும் உடையும். அதிலும் ஆசனவாய் வழியாக என்றால் விஷயமே வேறு. பெண்ணின் பாதை கருப்பை வாயோடு முடிகிறது. பெருங்குடலுக்கு அப்படி முடிவு இல்லை. போனது மேலே ஏறிக்கொண்டே போகும். அகன்ற அடிப்பாகம் இல்லாத எதையும் அங்கே வைக்கக் கூடாது. அப்படி ஏதாவது சிக்கிக்கொண்டால், விளக்கெண்ணெய் குடித்து வெளியேற்றுவது, எனிமா எடுப்பது, கரண்டியால் நோண்டுவது எதுவும் வேண்டாம். ராத்திரி இரண்டு மணியானாலும் ஆஸ்பத்திரிக்குப் போங்கள். அங்கே இருக்கும் சர்ஜன் இதைப் பார்ப்பது முதல் தடவையாக இருக்காது. வெட்கப்பட்டு இரண்டு நாள் காத்திருந்தால் குடல் கிழிந்து உயிருக்கே ஆபத்தாகலாம்.

ஆண்கள் அணியும் வளையத்துக்கும் அளவு உண்டு. இழுத்தால் விரியும் சிலிக்கானாக இருக்கட்டும். இரும்பு, ஸ்டீல் வளையம் வேண்டவே வேண்டாம். வீங்கிவிட்டால் கழற்ற முடியாது. 20 நிமிஷம், மிஞ்சினால் 30. மரத்துப் போனாலோ, நிறம் மாறினாலோ உடனே கழற்றிவிட வேண்டும். சர்க்கரை நோயால் உணர்ச்சி குறைந்தவர்களும், ரத்தம் உறையாமலிருக்க மாத்திரை சாப்பிடுகிறவர்களும் டாக்டரைக் கேட்காமல் போடக் கூடாது.

மாதவிடாய் நின்ற பெண்களுக்குத் தோல் மெலிந்து வறண்டிருக்கும். முப்பது வயதில் சௌகரியமாக இருந்த அளவு ஐம்பத்தைந்தில் காயப்படுத்தலாம். கருப்பை வாய்ப் புற்றுநோய்க்குக் கதிர்வீச்சு எடுத்தவர்களுக்குப் பாதையே சுருங்கி ஒட்டிக்கொள்ளக் கூடும். அதைத் தடுக்க ‘டைலேட்டர்’ என்ற வழவழப்பான குச்சி போன்ற கருவியைச் சிறியதிலிருந்து பெரியதாகப் பயன்படுத்தச் சொல்வார்கள். இது வெறும் தாம்பத்திய விஷயம் இல்லை. பிற்பாடு டாக்டர் உள்ளே பரிசோதித்துப் பார்க்கவும் அந்த வழி திறந்திருக்க வேண்டும். ‘இந்த வயசுல எனக்கெதுக்கு இது’ என்று பீரோவில் பூட்டி வைத்துவிடாதீர்கள், அம்மா.

அந்த இளம் தம்பதிக்கும் டைலேட்டர்தான் கைகொடுத்தது. நான் லேகியம் எதுவும் கொடுக்கவில்லை. ஒரு பெண் மகப்பேறு டாக்டரிடம் அனுப்பினேன். பிறவிக் குறையோ கிருமித் தொற்றோ இல்லை என்று அவர் உறுதி செய்துகொண்டு, இடுப்புத்தளத் தசைப் பயிற்சி சொல்லித் தரும் பிசியோதெரபிஸ்டிடம் சேர்த்துவிட்டார். எட்டு அங்குலம் குப்பைக்குப் போனது. ஐந்து அளவு கொண்ட டைலேட்டர் செட் வந்தது. முதலாவது சுண்டு விரல் பருமன். கையில் பிடிப்பது அந்தப் பெண் மட்டும்தான், கணவர் பக்கத்தில் இருப்பதோ போவதோ அவள் இஷ்டம் என்பது நிபந்தனை. தினம் பத்து நிமிஷம், நிதானமாக மூச்சு விட்டுக்கொண்டு. வலித்தால் நிறுத்தி, முந்தின அளவுக்குத் திரும்ப வேண்டும். ஒரு அளவு முழுச் சௌகரியமான பிறகே அடுத்தது.

முதல் மூன்று வாரம் ஒன்றிலேயே இருந்தாள். ‘முன்னேற்றமே இல்லை சார்’ என்று கணவர் போன் செய்தார். “அவசரம் யாருக்கு, உங்களுக்கா அவங்களுக்கா?” என்று கேட்டேன். அப்புறம் போன் வரவில்லை.

ஐந்தாவது மாதம் இரண்டு பேரும் நேரிலேயே வந்தார்கள், மாமியார் இல்லாமல். நாலாவது அளவிலேயே காரியம் முடிந்துவிட்டதாம். ஐந்தாவது இன்னும் உறை பிரிக்காமல் இருக்கிறது, அதை என்ன செய்வது என்று கேட்டாள் அந்தப் பெண்.