கம்பியின் அடிப்பக்கம்

தூத்துக்குடிக் கடற்கரையில் எவர்சில்வர் கைப்பிடிக் கம்பியைக் கண்டால் மேல்பக்கத்தை மட்டும் பார்த்துத் திருப்திப்படாதீர்கள். கையை அடியில் கொடுத்துத் தடவிப் பாருங்கள். மேலே பளபளக்கும் கம்பியின் அடியில் சொரசொரப்பும் பழுப்புக் கறையும் தட்டுப்படக்கூடும்.

மேலே படியும் உப்பை மழை கழுவிவிடுகிறது. அடியில் படிந்தது தங்கிவிடுகிறது. கடலுப்பில் கலந்திருக்கும் மக்னீசியம் குளோரைடு, காற்றின் ஈரப்பதம் 33 சதவீதத்தைத் தாண்டினாலே நீரை இழுத்துக் கரைந்துவிடும். உப்பளத்தில் உப்பு வாரியபின் மிஞ்சும் கசப்பு நீரில் நிறைந்திருப்பதும் இதுதான். கடலோரக் காற்று அவ்வளவு வறள்வது அபூர்வம் என்பதால் அந்த அடிப்பக்கம் லேசில் காய்வதில்லை.

எவர்சில்வரைக் காப்பது அதன்மேல் தானாக உருவாகும் குரோமியம் ஆக்சைடுப் படலம். தடிமன் சில நானோமீட்டர். கீறினாலும் ஆக்சிஜன் கிடைத்தால் உடனே மூடிக்கொள்ளும். குளோரைடு அதை ஓரிடத்தில் உடைத்து, அங்கே ஆக்சிஜனும் எட்டாமல் போகும்போதுதான் ஆபத்து. கரைந்த உலோகம் அந்தச் சொட்டு நீரை அமிலமாக்குகிறது. அமிலம் மேலும் உலோகத்தைக் கரைக்கிறது. தகடு முழுக்கப் புதிதாகத் தெரிய, ஊசிமுனைக் குழியொன்று ஆழ இறங்கிக்கொண்டே இருக்கும். 316 என்னும் எவர்சில்வர் ரகத்தில் 2 முதல் 3 சதவீதம் மாலிப்டினம் சேர்ப்பது இதைத் தாமதப்படுத்தத்தான்.

கடலுக்குள் மூழ்கிய தகட்டுக்கும் முகம் முக்கியம். மேல்நோக்கிய முகத்தில் வண்டல் படிந்து, அதற்கடியில் ஆக்சிஜன் வற்றும். செங்குத்தாக நின்றால் வண்டல் நிற்காது. நிழலான கீழ்முகத்தை, ஓட்டோடு ஒட்டி வாழும் சிற்றுயிர்களான கொட்டலசுகள் பிடித்துக்கொள்ளும். நுண்ணுயிர்ப் படலமோ தகட்டின் மின்னழுத்தத்தைச் சில நூறு மில்லிவோல்ட் உயர்த்தி, குழி விழும் எல்லைக்குத் தள்ளும். வெயில் இந்த உயர்வை மட்டுப்படுத்துகிறது. நிழலில் அந்தத் தடை இல்லை.

காரைக்குடியிலுள்ள மத்திய மின்வேதியியல் ஆய்வகமான சிக்ரிக்குத் தூத்துக்குடித் துறைமுகப் பகுதியிலும் கடல் ஆய்வு மையம் உண்டு. அந்நிறுவனத்தின் எம். ஈஸ்வரும் சகாக்களும் 1992-இல், செத்த கொட்டலசின் சதை அழுகி உண்டாகும் அமிலம் ஓட்டுக்கடியில் எவர்சில்வரை அரிக்கும் வழியை விளக்கினார்கள். உயிரோடு ஒட்டியிருப்பதைவிட இறந்தது ஆபத்தானது என்பது எனக்கு மிக முக்கியமான கண்டுபிடிப்பாகப் படுகிறது.

கடலோரத்தில் வீடு கட்டுவோர் கடைக்காரரிடம் ரகத்தின் எண்ணை மட்டும் கேட்கிறார்கள். அது போதாது. தேய்த்து மெருகிட்ட தகட்டில் கோடுகள் மேலிருந்து கீழாக ஓடும்படி பொருத்தச் சொல்லுங்கள். குறுக்குக் கோடுகளில் உப்புநீர் தேங்கும். மழை எட்டாத அடிப்பக்கங்களை அவ்வப்போது நல்ல தண்ணீர் ஊற்றிக் கழுவுங்கள்.