பொன்முலாம் பூசிய அரசக் கிண்ணம்

சிங்கப்பூர் சென்றுவரும் நம்மவர் சிராங்கூன் சாலையில் வாங்கிவரும் வளையலில் 916 என்ற முத்திரையைக் காண்கிறோம். ஆயிரம் பங்கில் 916 பங்கு தங்கம் என்பது அதன் பொருள். முத்திரை ஏன் வேண்டும்?

இங்கிலாந்தில் சைரன்செஸ்டர் தேவாலயத்தில் ஒரு மூடிக் கிண்ணம் உள்ளது. மூடியின்மேல் அரசி ஆன் பொலினின் சின்னமாகிய வல்லூறு. அவர் மகள் முதலாம் எலிசபெத் அதைத் தம் மருத்துவருக்கு அளித்தார் என்பது வழிவழிச் செய்தி. பார்வைக்குப் பொன், உள்ளே வெள்ளி! அக்காலத்தில் பாதரசத்தில் கரைத்த பொன்னை வெள்ளிமேல் பூசிச் சூடேற்றுவார்கள். பாதரசம் ஆவியாகும், பொன் ஒட்டிக்கொள்ளும். அந்த நச்சாவி தொழிலாளரின் உடலைக் கெடுத்தது.

கிண்ணம் 1535ஆம் ஆண்டளவில் செய்யப்பட்டதென அதன் முத்திரையே சொல்கிறது. அரசர் வீட்டுப் பொருளுக்கும் அதுவே சாட்சி. ஆகவே, வியர்வை சிந்திச் சேர்த்த காசில் நகை வாங்கும்போது மினுக்கத்தில் மயங்காமல், முத்திரையையும் எடையையும் பார்த்தே வாங்குவோம்.