பழைய தாள் கட்டில் போகும் விவரங்கள்

மே, ஜூன் மாதங்கள் எங்கள் பெரியகுளம் பகுதியில் மாம்பழக் காலம். மாணவர் சேர்க்கைக் காலமும் அதுவே. பழப்பெட்டிக்குள் வைக்கவும் கடைகளில் பொட்டலம் மடிக்கவும் பழைய தாள் தேவைப்படும் இதே நாட்களில்தான் பல பள்ளிகளில் அலமாரிகளை ஒழித்துப் பழைய கட்டுகளை எடைக்குப் போடுகிறார்கள். அந்தக் கட்டுகளில் விடைத்தாள்கள் மட்டும் இருந்தால் கவலையில்லை. ஆதார் நகல், சாதிச் சான்றிதழ் நகல், வங்கிப் புத்தகத்தின் முதல் பக்கம், கைபேசி எண்ணுடன் கூடிய உதவித்தொகைப் படிவம் ஆகியவையும் சேர்ந்தே போகின்றன.

ஒரு தாளால் என்ன ஆகிவிடும்?

ஆதார் எண் ஒன்றை மட்டும் வைத்து யாரும் வங்கிப் பணத்தை எடுத்துவிட முடியாது. ஆனால் விவரங்கள் ஒன்றுசேரும்போதுதான் ஆபத்து. மாணவர் பெயர், வகுப்பு, தந்தை பெயர், கைபேசி எண், வங்கிக் கிளை எல்லாம் ஒரே படிவத்தில் இருக்கின்றன. "உங்கள் மகளுக்கு உதவித்தொகை வந்திருக்கிறது, ஓடிபி சொல்லுங்கள்" என்று பேசுபவர் இத்தனை விவரத்தையும் சரியாகச் சொன்னால், எந்தப் பெற்றோரும் நம்பிவிடுவார்.

கைரேகை இன்னும் கவனத்துக்குரியது. இணையத்தில் கிடைத்த பத்திரப்பதிவு ஆவணங்களிலிருந்து கைரேகைகளை எடுத்து, ரப்பர் அச்சு செய்து, ஆயிரக்கணக்கான சிம் கார்டுகளை ஒருவர் இயக்கியதை 2018இல் தெலங்கானா காவல்துறை கண்டுபிடித்தது. கம்பம் பள்ளத்தாக்கிலிருந்து கேரளத்து ஏலத்தோட்டங்களுக்கு வேலைக்குப் போகும் பெற்றோர் பலர். அவர்களுக்குப் பதிலாகப் பள்ளிக்கு வந்து கைநாட்டு வைப்பவர் பாட்டியாக இருக்கலாம். அந்தக் கைநாட்டுத் தாளும் பாதுகாக்க வேண்டிய ஆவணமே.

எதை வைப்பது, எதை அழிப்பது?

முதலில் பிரிக்க வேண்டும். சேர்க்கை நீக்கப் பதிவேடு நிரந்தரமானது; அதைத் தொடக்கூடாது. மற்றப் பதிவேடுகளைக் காலக்கெடு முடிந்த பிறகு, உரிய அலுவலரின் எழுத்துப்பூர்வ அனுமதியுடன்தான் அழிக்க வேண்டும். கூடுதலாக எடுத்த நகல்கள், தவறாக நிரப்பிய படிவங்கள், அச்சில் பிழையான தாள்கள் ஆகியவை அன்றாடம் சேர்பவை. இவற்றுக்கென்று அலுவலக அறையில் தனிப் பெட்டி ஒன்று இருந்தால் குப்பைக்கூடைக்குப் போகாது.

அழிக்கும் முறை

இரண்டாகக் கிழிப்பது போதாது. 1979இல் தெஹ்ரான் அமெரிக்கத் தூதரகத்தில் இயந்திரத்தால் நீளவாக்கில் நறுக்கப்பட்ட ஆவணங்களையே ஈரானியர் பொறுமையாகச் சேர்த்து ஒட்டிப் படித்துவிட்டார்கள். ஆகவே எண், புகைப்படம், கையெழுத்து, கைரேகை உள்ள இடங்களை நெடுக்காகவும் குறுக்காகவும் சிறு துண்டுகளாக்க வேண்டும்.

இயந்திரம் இல்லாத பள்ளியில் ஒரு வாளித் தண்ணீர் போதும். கிழித்த துண்டுகளை இரவு முழுவதும் ஊறவைத்து, மறுநாள் கூழாகப் பிசைந்துவிடலாம். ஜெராக்ஸ் மை தண்ணீரில் கரையாது. அதனால் ஊறவைப்பதோடு நிறுத்தாமல் பிசைவது அவசியம். லேமினேட் செய்த அட்டைகளைக் கத்தரியால் நறுக்க வேண்டும், எரித்தால் நச்சுப்புகை. இந்த வேலையை மாணவர்களிடம் கொடுக்காமல் நாமே செய்வது நல்லது.

சேராமலே தடுப்பது

அசலைப் பார்த்துக் குறித்துக்கொண்டு திருப்பித் தந்தாலே போதும் என்ற இடத்தில் நகல் கேட்க வேண்டாம். நகல் தேவையென்றால், எதற்காக, எந்தத் தேதியில் என்று அதன்மேல் எழுதச் சொல்லலாம். முழு எண் தேவைப்படாத இடங்களில், கடைசி 4 இலக்கங்கள் மட்டும் தெரியும் மறைக்கப்பட்ட ஆதாரை வாங்கலாம். வாட்ஸ்அப்பில் வந்த ஆதார் படங்களையும், கணினி மையத்தில் பதிவிறக்கிய கோப்புகளையும் வேலை முடிந்ததும் நீக்கிவிட வேண்டும்.

2023ஆம் ஆண்டின் டிஜிட்டல் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம் 18 வயது நிறையாத அனைவரையும் குழந்தைகளாகவே கருதுகிறது. பிறர் அடையாளத்தை மோசடியாகப் பயன்படுத்துவோருக்குத் தகவல் தொழில்நுட்பச் சட்டத்தின் 66சி பிரிவு 3 ஆண்டு வரை சிறையும் 1 லட்சம் ரூபாய் வரை அபராதமும் விதிக்கிறது.

பெற்றோர் கூட்டத்தில் இரண்டு எண்களைக் கரும்பலகையில் எழுதிப்போடுங்கள். ஆதார் குறித்த உதவிக்கு 1947. பணம் பறிபோனால் உடனே அழைக்க 1930. எவ்வளவு சீக்கிரம் அழைக்கிறோமோ, அவ்வளவுக்குப் பணத்தை முடக்கி மீட்க வாய்ப்பு அதிகம்.