கணினி மாற்றமும் எழுத்தமைப்புப் பெயர்ச்சியும்

கிழக்கிலங்கையின் அம்பாறை மாவட்டக் கடலோரத்தே, நிந்தவூருக்கும் அட்டாளைச்சேனைக்கும் இடையே அமைந்தது ஒலுவில். 1996இல் பல்கலைக்கழகமாக உயர்ந்த தென்கிழக்குப் பல்கலைக்கழகம் இவ்வூரிலேயே உளது. டென்மார்க் நாட்டு நிதியுதவியோடு கட்டப்பெற்று 2013இல் திறக்கப்பெற்ற துறைமுகமும் ஈண்டுள்ளது. அதன் வாயிலை மணல் தூர்த்தமையும், வடபாற் கரையைக் கடல் அரித்தமையும் பலர் அறிந்தவை. இத்தகைய இடர்கள் பற்றிய முறையீடுகளும் பெயர்ப்பட்டியல்களும் தமிழ் பேசும் இக்கரையில் தமிழிலேயே எழுதப்பெறுவன. நிலமிழந்தவர் பெயரில் ஓரெழுத்துப் பிழைப்பினும் அவர்க்கு நேரும் அலைச்சல் பெரிது.

இவ்வெழுத்துவேலை இன்று பெரும்பாலும் மைக்ரோசொப்ட் வேர்ட் என்னும் செயலியிலே நிகழ்கின்றது. பல்லாண்டு பழகிய ஒருவரது வேர்ட், கடையில் வாங்கிய புதிய வேர்ட் அன்று. ‘ஒது’ என்று தட்டினால் ‘ஒலுவில் துறைமுகம்’ என விரியும். ஹகரமும் ஜகரமும் ஷகரமும் பயிலும் பெயர்களைப் பிழையென்று காட்டாது. கடிதத் தலைப்பும் ஓர இடைவெளியும் தாமே அமையும். மேசையை மாற்றுவோர் லாச்சியிலுள்ள கடிதங்களை மறப்பதில்லை. கணினியை மாற்றுவோரோ ஆவணங்களை மட்டும் எடுத்துக்கொண்டு இவையனைத்தையும் பழைய பெட்டியிலேயே விட்டுவிடுகின்றனர். மைக்ரோசொப்ட் கணக்கினுள் நுழைந்தவுடன் யாவும் தாமே வந்துசேரும் என்று நம்புவாரும் உளர். முதன்மையான வார்ப்புரு அவ்வாறு வருவதில்லை.

அவ்வார்ப்புருவின் பெயர் நோர்மல். 2007ஆம் ஆண்டுப் பதிப்பு முதல் அதன் கோப்புப் பின்னொட்டு டொட்எம் என்பதாகும். பாணிகள், மக்ரோக்கள், தாமே அமைத்த விசைச் சுருக்கங்கள் முதலியன இதனுள் அடங்கும். பயனரின் கோப்புறையில் ஆப்டேட்டா என்றொரு மறைகோப்புறை உண்டு. அதனுள் ரோமிங், அதனுள் மைக்ரோசொப்ட், அதனுள் ரெம்பிளேற்ஸ் என்னும் வரிசையில் இஃது இருக்கும். படியெடுக்குமுன் இரு கணினிகளிலும் வேர்டை மூடுதல் இன்றியமையாதது. ஏனெனில் வேர்ட் மூடப்பெறும்போதே இக்கோப்புத் திரும்ப எழுதப்படலாம். திறந்திருக்கும்போது மாற்றினால் புதியது அழிந்து பழையதே நிற்கும்.

பயனர் தாமே சேர்த்த சொற்கள் யூப்ரூப் என்னும் அயற்கோப்புறையில், கஸ்டம் என்னும் அகராதிக் கோப்பில் உள்ளன. வரிக்கொரு சொல்லாக அமைந்த எளிய பாடக்கோப்பு அது. தன்திருத்தப் பதிவுகளோ இரண்டிடத்தே பிரிந்து கிடக்கின்றன: வடிவமைப்போடு கூடியவை நோர்மல் வார்ப்புருவில், வெறுஞ்சொற்களாக உள்ளவை ஒபிஸ் என்னும் கோப்புறையில் ஏசிஎல் பின்னொட்டுடைய கோப்புகளில். இவை மொழிதோறும் வேறு. பெயரிலுள்ள எண்ணே மொழியைக் குறிக்கும். 1033 அமெரிக்க ஆங்கிலம். 2057 பிரித்தானிய ஆங்கிலம். ஒன்றை மட்டும் கொண்டுசென்றவர் பாதிச் சுருக்கங்களை இழந்து மயங்குவதற்குக் காரணம் இதுவே. கருவிப்பட்டையின் அமைப்பை வேர்டின் விருப்பத்தேர்வுப் பகுதியிலேயே ஏற்றுமதி செய்து, புதிய கணினியில் இறக்குமதி செய்யலாம்.

தமிழ் எழுதுவோர்க்கு இதனினும் பெரிய இடர் எழுத்துருவால் வருவது. பாணியில் எழுத்துருவின் பெயர் மட்டுமே குறிக்கப்பெறும். எழுத்துரு கணினியிலேயே தங்கும். இலங்கையிற் பரவலாக வழங்கிய பாமினி யுனிகோட் முறையைச் சாராதது. ஆங்கில எழுத்துக்களின் இடத்தே தமிழ் வடிவங்களை வைத்து அமைந்த எழுத்துரு அது. ‘தமிழ்’ என்னும் சொல் அதிலே ஜே, கே, பீ, ஓ என்னும் நான்கு ஆங்கில எழுத்துக்களும் ஓர் அரைப்புள்ளியுமாகவே சேமிக்கப்பெறுகின்றது. ஆதலின் பாமினி இல்லாத கணினியில் அக்கடிதத்தைத் திறந்தால் பொருளற்ற ஆங்கிலக் குவியலே தோன்றும். கோப்புப் பழுதடைந்ததென்று கருதி அதனை அழித்துவிடுதல் எளிது. எழுத்துருவை நிறுவிய அளவில் எழுத்துக்கள் மீளும்.

பாமினியில் எழுதியவற்றை யுனிகோடிற்கு மாற்றும் கருவிகள் உள. ஆயினும் ஆங்கிலமும் தமிழும் கலந்த ஆவணத்தை அப்படியே அவற்றுள் இட்டால் ஆங்கிலப் பகுதியும் தமிழ் எழுத்துக்களாய்ச் சிதையும். அடையாள அட்டை எண்ணின் ஈற்றில் நிற்கும் ஆங்கில எழுத்தும் அவ்வாறே திரியும். பட்டியல்களில் இது பெருங்கேடு. எனவே படியொன்றிலேயே மாற்றம் செய்து, மூலத்தை வைத்துக்கொண்டு ஒவ்வொரு பெயராக ஒப்புநோக்கல் வேண்டும். புதிய கணினியில் பழைய கடிதம், பட்டியல், படிவம் ஒவ்வொன்றைத் திறந்து அச்சிட்டுப் பார்க்கும்வரை பழைய கணினியின் வட்டை அழித்தல் ஆகாது.