நன்னீர் மீனும் நீரின் வெப்பநிலையும்

கந்தப்பளையில் தை, மாசி மாதங்களின் விடியற்பொழுதிற் புல்நுனியிற் பனி உறைவதுண்டு. அத்தகையதொரு நாளில், தாழ்நிலக் குளமொன்றிலிருந்து மாணவனொருவன் கொணர்ந்த திலாப்பியா மீன்களை எமது பாடசாலைத் தொட்டியில் விடச் செய்தேன். அவை உணவை நாடாது அடியிற் சோர்ந்து கிடந்தன. "சேர், மீனுக்கும் குளிருமா?" என்று அவன் வினவினான். அவ்வினாவுக்கு விடை கூறுவதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

மனிதனைப் போலன்றி, பெரும்பாலான மீன்களின் உடல் வெப்பநிலையை நீரே நிர்ணயிக்கின்றது. நீரின் வெப்பநிலை 10 பாகை செல்சியசு உயரின், அனுசேப வேகம் ஏறத்தாழ இரு மடங்கு முதல் மும்மடங்காகும். ஓரெல்லை வரை பசியும் வளர்ச்சியும் மிகும்; அதற்கப்பால் உண்ட உணவு உயிரைப் பேணுதற்கே செலவாகி, வளர்ச்சிக்கு எஞ்சுவது குறையும். இவ்வெல்லை இனத்துக்கினம் வேறுபடும். 1952 இல் இலங்கைக்குக் கொணரப்பட்ட திலாப்பியா 25 முதல் 30 பாகை வரையில் நன்கு வளரும். பத்தொன்பதாம் நூற்றாண்டின் இறுதியில் ஆங்கிலேயர் நுவரெலியாப் பகுதி ஓடைகளில் விட்ட திரவுட்டு மீனுக்கோ 12 முதல் 16 பாகையே உகந்தது. 25 பாகையை அணுகின் அது பிழைத்தல் அரிது.

வெப்பம் ஏறுந்தோறும் நீரிற் கரைந்துள்ள ஒட்சிசன் குறையும். கடல்மட்டத்தில் 10 பாகை நீர் லீற்றருக்கு ஏறத்தாழ 11.3 மில்லிகிராம் ஒட்சிசனைக் கொள்ளும். 30 பாகை நீர் 7.6 மில்லிகிராமே கொள்ளும். 6,000 அடி உயரத்தில் வளியமுக்கம் தாழ்ந்திருத்தலால், இவ்வளவு மேலும் ஐந்திலொரு பங்கு குறையும். ஆதலின் மலையோடை சூடேறின், தேவை பெருகும்போதே வரவு சுருங்குகின்றது.

இனி, கலங்களினுள் நிகழ்வதை நோக்குவோம். விறகடுப்பு மூண்டெரியும்போது பொறிகள் பறப்பதுபோல, அனுசேபம் விரையும்போது ஐதரசன் பரவொட்சைட்டு முதலான தாக்குந்திறன் மிக்க ஒட்சிசன் சேர்வைகள் பெருகக்கூடும். இவற்றை அழிக்கக் கற்றலேசு முதலிய நொதியங்கள் உள. நொதியங்களின் ஆற்றலை இச்சேர்வைகள் விஞ்சும் நிலையே ஒட்சியேற்றத் தகைப்பு எனப்படும். அப்போது கலமென்சவ்வின் கொழுப்பும் புரதமும் சிதையும். திடீர்க் குளிரும் இத்தகைப்பை விளைக்க வல்லது. படிப்படியான மாற்றமாயின், நொதியங்களும் மென்சவ்வும் ஓரளவு இசைந்துகொள்ளும்.

இவ்வுண்மையை அறிந்திருந்தும் நான் அம்மீன்களைப் படிப்படியாகப் பழக்கவில்லை. மறுநாள் இரண்டு மாண்டன. மாணவனுக்கு விடை கிடைத்தது. ஆனால் அதன் விலையை மீன்களே செலுத்தின.

ஓடைக்கரை மரங்களை வெட்டுவோரும் இதனைச் சிந்தித்தல் வேண்டும். நிழல் அகன்றால் நீர் சூடேறும். தாழ்நிலத்து மீன் குளிர்ந்த நீரை நாடி மேலேறலாம். மலையுச்சி ஓடையில் வாழும் மீனுக்கு அதற்கு மேற் செல்ல இடமில்லை.